பிள்ளைக்குப் பெயரிடுதலும் அழைத்தலும் – பெரியாழ்வார் காட்டும் வழி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அயல்நாட்டில் வாழும் இளந்தம்பதியர் இருவர் அண்மையில் அடியேனுக்கு எழுதியிருந்தனர். அவர்களுக்கு ஆண்மகவு பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. பதினோராம் நாள் புண்யாஹவாசனமும் நாமகரணமும் நடைபெற வேண்டும். பெயர்தான் முடிவாகவில்லை. குழந்தையின் கொள்ளுப்பாட்டனார் திருக்கண்ணபுரத்து எம்பெருமானுடைய திருநாமத்தைத் தாங்கியவர். சௌரிராஜன் என்பது அவர் பெயர். அதையே குழந்தைக்கு இட வேண்டும் என்பது ஊரிலிருக்கும் பாட்டியாரின் ஆசை. பெற்றோருக்கும் அதில் வெறுப்பில்லை. ஆயினும் ஒரு தயக்கம். “மிகப் பழைய பெயராக இருக்கிறதே! பள்ளியில் மற்றவர்கள் வாயில் நுழையுமா? வளர்ந்தபின் பிள்ளை எங்களைக் குறை கூறுவானோ? நம் பூர்வர்கள் இவ்விஷயத்தில் ஏதேனும் அருளிச்செய்திருக்கிறார்களா?” என்று கேட்டிருந்தனர்.

அருளிச்செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பெயரிடுவதை மட்டுமே பொருளாகக் கொண்டு பத்துப் பாசுரங்கள் நமக்கு உள்ளன. பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழி அது. இத்திவ்யப்ரபந்தத்துக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி கிடைக்காமற்போக, அக்குறை தீரும்படி மணவாள மாமுனிகள் உரை அருளினார். 1370-ஆம் ஆண்டு ஆழ்வார்திருநகரியில் திருவவதரித்த அம்மாமுனிகளுக்குப் பெற்றோர் இட்ட திருநாமமும் அழகிய மணவாளன் என்னும் அரங்கனுடைய திருநாமமே என்பது நினைத்து இன்புறத்தக்கது.

திருமொழியின் இடம்

ஒரு திருமொழியின் கருத்தை அறிய, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் நோக்க வேண்டும். இதற்கு முந்தைய ஐந்தாம் திருமொழி மரண காலத்தைப் பற்றியது. உயிர் பிரியும் வேளையில் தாய், தந்தை, மக்கள், நிலம், மனைவி என்று நினைத்து மயங்காமல் கேசவன் முதலான திருநாமங்களைச் சொல்லுங்கள் என்று அங்கே ஆழ்வார் உபதேசிக்கிறார். ஆனால் ஸம்ஸாரிகளால் அது எளிதில் ஆகுமா? வாழ்நாள் முழுவதும் மக்கள் பெயரையே சொல்லிப் பழகிய நாக்கு, தளர்ந்த காலத்தில் வேறொன்றைச் சொல்லுமா?

அதற்கு அடுத்த படியாகவே இத்திருமொழி அமைந்திருக்கிறது. மகனை அழைக்காமல் இருக்க முடியாதா? அப்படியானால் மகனுக்கே கேசவன் என்று பெயரிட்டு விடுங்கள் என்கிறார் ஆழ்வார். உலகப் பற்றை விடச் சொல்லிக் கேளாதவர்களை, அப்பற்றின் வழியாகவே எம்பெருமானிடம் சேர்க்கும் பரமக்ருபை இது. பிள்ளைப் பாசம் எங்கே போகிறதோ, அங்கே திருநாமத்தை முன்கூட்டி வைத்துவிடுகிறார்.

இப்பத்தின் முடிவில், பத்தாம் திருமொழியில், திருவரங்கத்து எம்பெருமானை நோக்கி, கடைசிக் காலத்தில் நினைக்க இயலாது என்பதால் இப்பொழுதே சொல்லி வைக்கிறேன் என்று ஆழ்வார் தமக்காகவும் விண்ணப்பம் செய்கிறார். மூன்றையும் சேர்த்து நோக்கினால், பெயரிடுதல் பற்றிய இப்பத்துப் பாசுரங்கள் குடும்பத்தில் ஒரு நாள் நடக்கும் சடங்கைப் பற்றியவை அல்ல என்பது விளங்கும். ஒரு வாழ்நாள் முழுவதற்குமான ஏற்பாட்டை அவை சொல்கின்றன.

பயன் யாருக்கு?

பத்துப் பாசுரங்களில் முதல் ஒன்பதும் ஒரே உறுதிமொழியோடு முடிகின்றன. நாரணன் என்னும் பெயருடைய பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்பது அவ்வுறுதி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் பெற்றது பிள்ளை. பயன் பெறுவதோ தாய். பெயரிடப்பட்ட குழந்தை அறிவாளியாவான், செல்வனாவான், நீண்ட ஆயுள் பெறுவான் என்று ஆழ்வார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஏன்? பெயரைத் தாங்குபவன் அதை மிகுதியாகச் சொல்வதில்லை. அதை நாள்தோறும் நூறு முறை சொல்பவள் தாய். பாலூட்டும்போதும், தேடும்போதும், கடியும்போதும், கொஞ்சும்போதும் அவள் வாயிலேயே அப்பெயர் இருக்கிறது.

ஆழ்வார் கையாளும் வினைச்சொற்களும் இதையே காட்டுகின்றன. மானிடப் பெயர்களைச் சொல்லுமிடத்தில் ‘இடுதல்’ என்கிறார். எம்பெருமான் திருநாமத்தைச் சொல்லுமிடத்திலோ, நான்கு பாசுரங்களில் ‘அழைத்தால்’ என்று அருளுகிறார். பெயரிடுவது ஒருநாட் செயல். அழைப்பது அன்றாடச் செயல். பயன் அழைப்பதில் இருக்கிறது.

இவ்வாழ்வார் யசோதைப் பிராட்டியின் பாவத்தில் நின்று கண்ணனை அனுபவித்தவர் என்பது நாம் அறிந்ததே. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருமொழியில், கண்ணனுக்குக் காது குத்துவதற்காக யசோதை அழைக்கும்போது கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களும் முறையாக அமைந்திருக்கின்றன. வாராத பிள்ளையை வாவென்று அழைக்கும் தாயின் குரலே அங்கே நாமஸங்கீர்த்தனமாகிறது. அக்குரலை அனுபவித்த ஆழ்வார்தாம் இங்கே நம் வீட்டுத் தாய்மாரை நோக்கி, நீங்களும் அப்படி அழைக்கலாமே என்கிறார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளனின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. அவனுக்குப் பத்துப் பிள்ளைகள். கடைக்குட்டியின் பெயர் நாராயணன். நெறி தவறி வாழ்ந்த அவன், எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின் யமகிங்கரர்களைக் கண்டு அஞ்சிக் கூவியது அந்த மகனைத்தான். அவன் பெயரை இட்டுவிட்டு மறந்திருந்தால் அக்கூவல் எழுந்திராது. உண்ணும்போதும் பருகும்போதும் அந்தப் பிள்ளையையே அழைத்துப் பழகியவன் அவன்.

பழமை ஒன்றே போதுமா?

இனி, பழைய பெயர் என்னும் வினாவுக்கு வருவோம். ஆழ்வார் யாரைக் கடிந்து பேசுகிறார்? காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டு, அவற்றைத் தருபவர் மனம் மகிழ, அவர் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுபவர்களை. அப்படி இடப்பட்ட பெயர்களும் இன்றைக்குப் பழைய பெயர்களே. அவை ஆயிரம் ஆண்டு கடந்தவை என்பதால் உயர்ந்தவையாகிவிடமாட்டா. ஆகவே பழமை என்னும் ஒரு காரணத்தால் மட்டும் ஒரு பெயரை ஏற்க வேண்டுவதில்லை. அதே காரணத்தால் ஒன்றைத் தள்ளவும் வேண்டுவதில்லை.

எட்டாம் பாசுரத்தில் ‘நம்பி’ என்னும் பெயரையும் நாட்டு மானிடப் பெயர்களில் ஒன்றாக எடுத்துச்சொல்லி, அது நாலு நாளில் அழிந்துபோம் என்கிறார். ஆனால் திருக்குறுங்குடியில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு நம்பி என்றே திருநாமம். பெரிய திருமலை நம்பி முதலான ஆசார்யர்களும் அச்சொல்லாலேயே வழங்கப்பெறுகின்றனர். சொல் ஒன்றே. அது எவரைச் சுட்டுகிறது, எதற்காக இடப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

இன்று யாரும் ஆடைக்காகப் பெயரிடுவதில்லை என்று நாம் நினைக்கலாம். ஆனால் ‘புதுமையாக இருக்க வேண்டும்’, ‘வேறு யாருக்கும் இல்லாததாக இருக்க வேண்டும்’, ‘எண்கணிதப்படி ஓரெழுத்துக் கூட்ட வேண்டும்’ என்று நாம் தேடுவதும் பிறர் மெச்சுதலையோ ஏதோ ஒரு லாபத்தையோ நோக்கியதுதானே? அன்று கூறையாக இருந்தது இன்று வேறு வடிவில் இருக்கிறது. அவ்வளவே.

ஆசார்யர்கள் காட்டிய வழி

இங்கே ஓர் ஐயம் எழலாம். மானிடப் பெயர் கூடாது என்றால், எம்பெருமானார் கூரத்தாழ்வானுடைய திருக்குமாரர்களுக்குப் பராசரர், வ்யாஸர் என்னும் ரிஷிகளின் பெயர்களை இட்டது எப்படி? எம்பாரின் திருத்தம்பியாரான சிறிய கோவிந்தப் பெருமாளின் குமாரருக்கு நம்மாழ்வார் திருநாமத்தால் பராங்குச நம்பி என்று பெயர் சூட்டியது எப்படி?

குருபரம்பரை இதன் காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஆளவந்தார் பரமபதித்தபோது அவருடைய மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று மனோரதங்களை அவை குறித்தன. பராசரரிடத்திலும் வ்யாஸரிடத்திலும் நன்றி செலுத்துதல், நம்மாழ்வாரிடத்தில் ப்ரேமையை வெளியிடுதல், ப்ரஹ்மஸூத்ரத்துக்கு உரை காணுதல் ஆகியவையே அவை. அவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக எம்பெருமானார் ப்ரதிஜ்ஞை செய்தார். பிள்ளைகளுக்குப் பெயரிட்டது அந்த நன்றிக்கடனைத் தீர்த்த செயல்.

ஆக, ஆழ்வார் விலக்கியது ஒன்று, எம்பெருமானார் செய்தது வேறொன்று. பெறப்போகும் கூலிக்காக இடும் பெயரை ஆழ்வார் விலக்கினார். முன்பே பெற்றுவிட்ட பேருபகாரத்துக்கு நன்றியாக எம்பெருமானார் பெயரிட்டார். பாகவதர்களின் பெயர் எம்பெருமானுக்குத் தன் பெயரினும் உகப்பானது என்பதும் நம் ஸம்ப்ரதாயக் கொள்கை. அப்படிப் பெயர்பெற்ற பராசர பட்டரே பின்னாளில் ஸஹஸ்ரநாமத்துக்கு ‘பகவத்குணதர்ப்பணம்’ என்னும் பாஷ்யம் இட்டு, ஆயிரம் திருநாமங்களின் பொருளையும் நமக்குக் காட்டினார்.

இவ்வழி நம் ஆசார்யர்களிடம் தொடர்ந்து வந்திருக்கிறது. நாதமுனிகளின் நியமனப்படி அவருடைய திருப்பேரனாருக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றப்பட்டது. கண்ணன் விளையாடிய ஆற்றுத்துறையே அப்பெயரில் இருக்கிறது. வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் மூத்த குமாரருக்குத் தம் ஆசார்யரான நம்பிள்ளையின் சிறப்புத் திருநாமமாகிய லோகாசார்யர் என்பதையும், இளையவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் என்பதையும் இட்டார். ஒரே திருமாளிகையில் ஆசார்ய திருநாமமும் அர்ச்சாவதாரத் திருநாமமும் அழைக்கப்பட்டன.

பாட்டனார் பெயரை இடும் வழக்கத்தையும் இந்த நோக்கிலேயே காணலாம். பேரன் என்னும் சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குபவன், என்பதிலிருந்து வந்தது. நம்மை ஆளாக்கிய முன்னோரிடத்தில் நன்றியும், அவர் தாங்கியிருந்த எம்பெருமான் திருநாமமும் ஒரே பெயரில் கூடிவருமானால், அதைவிட வேறென்ன வேண்டும்?

எந்தத் திருநாமத்தை இடுவது?

தேர்ந்தெடுக்க விரும்புவோர்க்கு மூன்று கருவூலங்கள் உள்ளன.

முதலாவது, பன்னிரு திருநாமங்கள். நாம் நாள்தோறும் ஊர்த்வபுண்ட்ரம் தரிக்கும்போது கேசவனை நெற்றியிலும், நாராயணனை நாபியிலும், மாதவனை மார்பிலும், கோவிந்தனைக் கழுத்திலும் அநுஸந்திக்கிறோம். கேசவன் என்னும் பெயர் பெற்ற சிறுவன் திருமண்காப்பு அணியக் கற்கும்போது, தன் பெயர் தன் நெற்றியில் இருப்பதை அறிந்து மகிழ்வான். ஆழ்வார் இத்திருமொழியில் எடுத்துச்சொல்லும் கேசவன், ஸ்ரீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்பவையும் இவற்றுள் அடங்கியவையே.

இரண்டாவது, திவ்யதேசத்து எம்பெருமான்களின் திருநாமங்கள். காஞ்சியின் வரதன், திருவல்லிக்கேணியின் பார்த்தஸாரதி, திருக்குடந்தையின் ஆராவமுதன், திருவஹீந்திரபுரத்தின் தேவநாதன், திருமாலிருஞ்சோலையின் ஸுந்தரராஜன், திருநின்றவூரின் பக்தவத்ஸலன், திருவெவ்வுளின் வீரராகவன், திருநாராயணபுரத்தின் ஸம்பத்குமாரன் என்று அவை பல. இப்பெயர்களில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவை பிள்ளையோடு ஓர் ஊரையும் சேர்த்து அனுப்புகின்றன. கடல் கடந்து பிறந்த குழந்தை, ‘எனக்கு ஏன் இந்தப் பெயர்?’ என்று கேட்கும் நாளில், அதற்கு விடையாக ஒரு கோயிலையும், ஒரு புஷ்கரிணியையும், அங்கே ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானையும் காட்ட முடியும்.

மூன்றாவது, ஆழ்வார் ஆசார்யர்களின் திருநாமங்கள். சடகோபன், விஷ்ணுசித்தன், ராமாநுஜன், யாமுனன், தேசிகன் போன்றவை.

க்ருஹ்யஸூத்ரம் கூறும் இலக்கணத்தையும் அறிந்துகொள்வது நன்று. ஆண்மகவின் பெயர் இரண்டு அல்லது நான்கு அக்ஷரம் உடையதாய், கோஷவத் எனப்படும் ஒலியோடு தொடங்கி, இடையில் ய, ர, ல, வ என்பவற்றுள் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும் என்று ஆபஸ்தம்பர் கூறுகிறார். நாராயண என்னும் திருநாமத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு அக்ஷரம், முதலில் நகரம், இடையில் ரகரமும் யகரமும். ஆழ்வார் ஒன்பது பாசுரங்களிலும் எடுத்தாண்ட திருநாமம் ஸூத்ரகாரரின் இலக்கணத்துக்கும் பொருந்தி நிற்கிறது.

பெற்றோர் கேட்கும் ஐயங்கள்

நீண்ட பெயரைப் பிறர் சிதைத்துச் சொல்வார்களே என்பது ஓர் ஐயம். சிதைவுக்கு அஞ்சுவோர் வரதன், மாதவன், கேசவன், ரங்கன், முகுந்தன் போன்ற சிறிய திருநாமங்களைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய பெயர் என்றாலே நீண்ட பெயர் என்று கொள்ள வேண்டுவதில்லை. எந்நாட்டவரும் சற்றே பழகினால் சொல்லக்கூடிய திருநாமங்கள் பல உண்டு.

வீட்டில் சுருக்கி அழைக்கலாமா என்பது மற்றோர் ஐயம். நம் முன்னோரும் நாராயணனை நாணு என்றும், க்ருஷ்ணனைக் கிச்சா என்றும், வரதனை வரது என்றும் அழைத்தவர்களே. அன்பினால் குறுகிய பெயருக்குள் அத்திருநாமத்தின் சாயல் எஞ்சியிருக்கிறது. ஆனால் ஏட்டில் ஸ்ரீநிவாஸன் என்று எழுதிவிட்டு, அதனோடு தொடர்பே இல்லாத ஒரு செல்லப்பெயரால் வாழ்நாள் முழுவதும் அழைப்போமானால், ஆழ்வாரின் உபதேசத்தில் பாதியைத்தான் செய்தவர்களாவோம். பெயரிட்டோம், அழைக்கவில்லை. நாளுக்கு ஒருமுறையேனும், உணவுக்கு அழைக்கும்போதாவது, முழுப்பெயரால் அழைப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளலாம்.

பெயரிட்டால் மோக்ஷம் கிடைத்துவிடுமா என்று கேட்போரும் உண்டு. திருநாமத்தை விலையாகக் கொடுத்துப் பரமபதத்தை வாங்குவது நம் ஸித்தாந்தம் அன்று. எம்பெருமானே உபாயம். தாயின் வாயில் தற்செயலாக வரும் தன் பெயரையும் ஒரு காரணமாகக் கொள்ளும் அளவுக்கு அவன் நம்மைக் காக்கக் காத்திருக்கிறான் என்பதையே இத்திருமொழி நமக்கு உணர்த்துகிறது.

அடியேன் கண்ட ஒன்று

இதை எழுதும்போது அடியேனின் திருத்தாயாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாள் தவறாமல் ஸஹஸ்ரநாமம் சொல்லிவந்தவர். இறுதி இரண்டாண்டுகளில் நினைவு மெல்ல மெல்ல அகன்றது. ஸஹஸ்ரநாமம் போயிற்று, திருப்பாவையும் போயிற்று, எங்கள் முகங்களும் அவருக்கு அயலாயின. எங்கள் தமையனாருக்குக் கோவிந்தன் என்று பெயர். அவர் வேறூரில் இருந்தார். ஆனால் அம்மா தண்ணீர் வேண்டினாலும், புரண்டு படுக்க வேண்டினாலும், “கோவிந்தா” என்றே அழைப்பார். அருகில் யார் இருந்தாலும் அதுவே பெயர். தொடக்கத்தில் நாங்கள், “அண்ணா இங்கே இல்லை, அம்மா” என்று திருத்தினோம். பிறகு திருத்துவதை விட்டுவிட்டோம்.

அவர் யாரை அழைத்தார் என்று எங்களால் சொல்ல இயலாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மரம் போலும் கல் போலும் கிடக்கும் தன் பக்தனைத் தானே நினைப்பதாக வராஹப் பெருமான் சரமச்லோகத்தில் வாக்களித்திருக்கிறான். நினைக்க வேண்டியது அவன் பொறுப்பு. ஐம்பதாண்டுகளுக்கு முன் ஒரு தொட்டிலின் அருகே இடப்பட்ட பெயர், அனைத்தும் போனபின்னும் அம்மாவின் நாவில் நின்றது என்பது மட்டும் நாங்கள் கண்ணால் கண்டது.

அத்தம்பதியருக்கு அடியேன் எழுதிய விடை இதுவே: “இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை எதற்காக இடுகிறோம்? இதை நாம் நாள்தோறும் அழைப்போமா? பாட்டனாரிடத்தில் நன்றியும் கண்ணபுரத்தானிடத்தில் அன்பும் காரணமாக இருந்து, வீட்டில் சௌரி என்றாவது வாய் நிறைய அழைப்பீர்களானால், அதையே இடுங்கள். அழைக்க மனம் வாராது என்று தோன்றினால், மாதவன் என்றோ கேசவன் என்றோ இட்டு ஆசையோடு அழையுங்கள், பாட்டியாரும் மகிழ்வார். ஏட்டில் மட்டும் வாழும் பெயரைவிட, வாயில் வாழும் பெயரே ஆழ்வார் திருவுள்ளத்துக்கு உகப்பானது.”

பதினோராம் நாள் இரவு அவர்களிடமிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. தொலைவில் குழந்தை அழும் ஓசை, அதற்கு மேலே, சற்றே பழகாத நாவோடு, இளந்தாயின் குரல்: “சௌரி, சௌரிராஜா, அழாதேடா கண்ணா.”

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.